எவரெஸ்ட் ஏறியவர், நெய்யூரில் நின்றவர்: அறுவை மருத்துவர் சோமர்வெல்லின் வாழ்க்கை

எவரெஸ்ட் மலையில் 1922-ஆம் ஆண்டு, அதுவரை மனிதர் எவரும் எட்டாத உயரத்தை எட்டிய மூவரில் அவர் ஒருவர். லண்டனில் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதனை விடுத்து, அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூரில், வயிற்றுப்புண்ணால் உணவு இறங்காமல் வாடிய உழைப்பாளிகளின் இரைப்பையையும் குடலையும் ஊசியும் நூலும் கொண்டு இணைக்கும் பணியை ஏற்றவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1923 முதல் 1961 வரை, தம் வாழ்வின் செழுமையான ஆண்டுகள் முழுவதையும் அவர் தென்னிந்தியாவிலேயே கழித்தார்.

நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. சோமர்வெல் வந்திறங்கிய காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஓர் ஊர். இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேயிலை மலைகளும் அதே சமஸ்தானத்தில் இருந்தன. பாலக்காடு மட்டும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிற்க, நெய்யூர் அடங்கிய கல்குளம் வட்டம் தமிழ்நாட்டில் இணைந்தது. ஆகவே சோமர்வெல்லின் நினைவும் இரு மாநிலங்களுக்குப் பொதுவானது.

புண்ணைத் தைத்து மூடும் கலை இம்மண்ணுக்கு அவர் கொண்டுவந்த புதுமை அன்று. பாலக்காட்டுக் கணவாய் முதல் தென்கோடி மலைகள் வரை பரந்திருந்த பழைய சேர நாட்டின் மன்னன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்துப் பாடலிலேயே, போரில் பிளவுண்ட வீரர்களின் மார்பை நீண்ட வெள்ளூசியால் தைத்த செய்தி வருகிறது. புண்ணுக்குள் இறங்கி மறுபுறம் எழும் அந்த ஊசியை, குளத்தில் பாய்ந்து மீனுடன் எழும் சிரல் பறவைக்கு, அதாவது மீன்கொத்திக்குப் புலவர் ஒப்பிடுகிறார். தைக்கும் கையை அருகிருந்து பார்க்காத ஒருவருக்கு இவ்வுவமை தோன்றியிருக்காது. சுசுருத சங்கிதையோ தையலின் வகைகளையும், நார், பட்டு, மயிர் முதலிய நூல் வகைகளையும் பிரித்துச் சொல்கிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, அவற்றின் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறையும் அதில் உண்டு.

காலணி தைத்த குடும்பம்

சோமர்வெல் 1890 ஏப்ரல் 16 அன்று இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கெண்டல் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் 1842-இல் தொடங்கிய தோல் வணிகம், பின்னாளில் இங்கிலாந்தெங்கும் பெயர்பெற்ற காலணி நிறுவனமாக வளர்ந்தது. தோலைத் தைத்துப் பொருள் ஈட்டிய குடும்பத்தின் பிள்ளை, அத்தொழிலை விடுத்து மனித உடலைத் தைக்கப் புறப்பட்டது தற்செயல்தான். எனினும் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை.

ரக்பி பள்ளியில் படித்த அவர், கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். ஓவியமும் இசையும் மலையேற்றமும் அவருடைய பிற ஆர்வங்கள். படிப்பு முடியும் வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து 1915-இல் பிரான்ஸ் சென்றார்.

சொம் போர்க்களத்தின் பாடம்

1916 ஜூலை 1 அன்று சொம் நதிக்கரையில் பிரிட்டிஷ் படை தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் அப்படையில் 57,470 பேர் வீழ்ந்தனர். அவர்களுள் 19,240 பேர் உயிரிழந்தனர். சோமர்வெல் பணியாற்றிய முன்னணி மருத்துவ முகாமுக்கு, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு காயம்பட்டோர் வந்து குவிந்தனர். சில ஏக்கர் பரப்புள்ள வெளி முழுவதும் தூக்குப்படுக்கைகள் வரிசையாகப் பரவிக் கிடந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களே இருந்தனர். யாரை மேசைக்கு எடுத்துச் செல்வது, யாரை வெளியிலேயே விட்டுவிடுவது என்ற தேர்வு அவர்கள் தலையில் விழுந்தது. காத்துக் கிடந்த வீரர்கள் தம்மை முதலில் பார்க்கும்படி கேட்கவில்லை என்பதும், அருகில் இருப்பவரையே சுட்டிக் காட்டினர் என்பதும் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்காத நினைவாக நிலைத்தன. போருக்குப் பின் அவர் போரையே வெறுப்பவராக மாறினார்.

அப்போர் அறுவை மருத்துவ உலகுக்கு மற்றொரு கடும் பாடத்தையும் கற்பித்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த முந்தைய போரில், வறண்ட மண்ணில் பட்ட துப்பாக்கிக் காயங்கள் கட்டுப் போட்டாலே பெரும்பாலும் ஆறின. அதே பழக்கத்தில் பிரான்சிலும் பல மருத்துவர்கள் காயத்தை உடனே தைத்து மூடினர். ஆனால் பிரான்சின் வயல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாணமும் எருவும் இட்டு உழப்பட்டவை. குண்டுச் சிதறலோடு அந்த மண்ணும், சீருடைத் துணியின் துணுக்குகளும் தசைக்குள் புகுந்தன. காற்று புகாத ஆழத்தில் மட்டுமே பெருகும் நுண்ணுயிரிகள், தையலால் மூடப்பட்ட காயத்துக்குள் தமக்கு உகந்த இடத்தைக் கண்டன. தசை அழுகி, வாயு நிரம்பி, ஓரிரு நாட்களில் உயிர் பிரிந்தது.

பல உயிர்களை இழந்த பின்னரே முறை மாறியது. செத்த தசையையும் அழுக்கையும் முதலில் வெட்டி நீக்குவது, காயத்தைத் திறந்தே வைப்பது, நாள்தோறும் கழுவிச் சில நாட்கள் பொறுத்திருந்து, சீழ் இல்லை என்று உறுதியான பின்னரே தைப்பது எனப் போரின் பிற்பகுதியில் ஒழுங்கு ஏற்பட்டது. இன்றும் சாலை விபத்தில் மண் படிந்த காயத்தோடு வருபவருக்கு உடனே தையல் போடாமல் மருத்துவர் காத்திருப்பதைக் கண்டு உறவினர் சினப்படுவது உண்டு. அந்தக் காத்திருப்பு அலட்சியம் அன்று. அப்போர்க்களத்தில் பெரும் விலை கொடுத்துப் பெற்ற அறிவு. தைக்கத் தெரிவதற்கு முன் எப்போது தைக்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. சோமர்வெல் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

மலையும் மருத்துவமனையும்

போருக்குப் பின் லண்டனில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தபோது, 1922-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே மாதம் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் ஆக்சிஜன் உருளை இன்றி ஏறத்தாழ 8,200 மீட்டர் உயரத்தை எட்டினார். அது அன்றைய உலக சாதனை. ஆனால் ஜூன் 7 அன்று நடந்த அடுத்த முயற்சியில் பனிச்சரிவு வந்தது. சுமை தூக்கி வந்த ஏழு பேர் மாண்டனர். வெள்ளையர் அனைவரும் தப்பினர். உயிர் கொடுத்தவர்கள் அனைவரும் கூலிக்கு வந்த மலைவாழ் மக்களாக இருந்தது சோமர்வெல்லை வாட்டியது. தம்மவரில் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாமே என்று அவர் எண்ணியதாகத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அந்த மனநிலையில்தான் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவமனை 1838 முதல் இயங்கி வந்தது. அங்கே டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை மருத்துவர், முடிவில்லாத நோயாளர் வரிசையை எதிர்கொண்டு களைத்திருந்தார். சோமர்வெல் சில நாட்கள் அவருக்குக் கைகொடுத்தார். வெளியில் காத்திருந்தோர் கூட்டம் அவருக்குப் புதிய காட்சி அன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் சொம் நதிக்கரையில் கண்டதே. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. போர் ஒருநாள் முடியும். இந்த வரிசை முடியாது.

இங்கிலாந்து திரும்பிய அவர், லண்டனில் திறந்திருந்த வாய்ப்புகளைத் துறந்து 1923-இல் நெய்யூரில் சேர்ந்தார். நண்பர்கள் சிலருக்கு அம்முடிவு விளங்கவில்லை. மறு ஆண்டே எவரெஸ்ட் அழைப்பு மீண்டும் வந்தது, நெய்யூரிலிருந்தே புறப்பட்டார்.

1924 மே மாதம், வடக்குக் கணவாய்க்கு மேல் உள்ள முகாமில் நான்கு சுமை தூக்குநர் இறங்க வழியின்றிச் சிக்கினர். சரியும் பனிச்சரிவின் குறுக்கே கயிறு கட்டிச் சென்றவர் சோமர்வெல். கயிறு சில கெஜம் போதவில்லை. அவர் அதனை இடுப்பிலிருந்து அவிழ்த்து, பனிக்கோடரியில் கட்டி, ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையை நீட்டி அவர்களை இழுத்துக் கொண்டார். நால்வரும் பிழைத்தனர். 1922-இன் கடனில் ஒரு பகுதியையேனும் அவர் தீர்த்துக்கொண்டார் என்று கருதலாம்.

ஜூன் 4 அன்று நார்ட்டனுடன் சிகரத்தை நோக்கி ஏறியபோது கடுங்குளிரில் அவருடைய தொண்டை புண்ணாகி மூச்சுத் திணறியது. அவர் நின்றுவிட, நார்ட்டன் தனியே சென்று ஏறத்தாழ 8,570 மீட்டரை எட்டித் திரும்பினார். இறங்கும் வழியில் தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைத்தது. முன்னே சென்ற நார்ட்டனோ, நண்பர் ஓவியம் தீட்ட உட்கார்ந்துவிட்டார் என்று எண்ணினார். இறந்துவிடுவோம் என உணர்ந்த சோமர்வெல், இரு கைகளாலும் தம் மார்பை முழு வலிமையோடு அழுத்தினார். அடைப்பு குருதியோடு வெளியே வந்தது. நான்கு நாட்களுக்குப் பின் மல்லோரியும் இர்வினும் மேலே சென்று திரும்பவில்லை. மல்லோரி எடுத்துச் சென்றது சோமர்வெல் இரவல் கொடுத்த சிறிய கேமரா. 1999-இல் மல்லோரியின் உடல் கிடைத்தபோதும் அது அகப்படவில்லை.

இறங்காத உணவு

நெய்யூருக்குத் திரும்பியவரை எதிர்கொண்டது வேறு வகையான போர். தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலாக இருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் வயல்களிலும் தோப்புகளிலும் கூலி வேலை செய்த ஏழைகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் பரவலாக்கப்பட்ட மரவள்ளிக் கிழங்கு அவர்களைப் பஞ்சத்திலிருந்து காத்தது உண்மை. அதே கிழங்கே அன்றாட உணவாகிப் புரதம் குறைந்துபோனதும் உண்மை. கிழங்கும் காரமும் ஊட்டக்குறையும் கலந்த உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சோமர்வெல் ஐயுற்றார்.

புண் ஆறியும் புண்பட்டும் ஆண்டுக்கணக்கில் தழும்பேறினால் இரைப்பையின் வாயில் சுருங்கி அடைபடும். உண்டது கீழே இறங்காது. மாலையில் உண்டது மறுநாள் வாந்தியாக வரும். உழைத்து உண்ணும் குடும்பத்தில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், அவர் மெலிந்து படுக்கையில் விழும் முன்பே வீட்டில் அடுப்பு அணையத் தொடங்கும். மருந்தால் அந்த அடைப்பு திறக்காது. புதிய வழி ஒன்றை வெட்டித் தைப்பதே தீர்வாக இருந்தது. இரைப்பையையும் சிறுகுடலின் மேற்பகுதியையும் அருகருகே கொண்டுவந்து, இரண்டிலும் திறப்பு இட்டு, அத்திறப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் அறுவை அது. வியன்னாவில் 1881-இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட அந்த அறுவை, நெய்யூரில் அன்றாட நிகழ்வாக மாறியது.

இதில் உயிரைத் தாங்குவது தையல். தோலைத் தைப்பதற்கும் குடலைத் தைப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. தோலில் வெட்டு விளிம்புகள் நேருக்கு நேர் முட்டி நிற்க வேண்டும். குடலிலோ விளிம்புகளை உள்ளே மடித்து, வெளிப்புறப் பரப்பு வெளிப்புறப் பரப்போடு ஒட்டுமாறு தைக்க வேண்டும்; சட்டையின் ஓரத்தை உள்மடித்துத் தைப்பது போல. குடலின் வெளிப்புறத்தில் உள்ள பளபளப்பான மெல்லிய சவ்வுக்கு, தன்னைப் போன்ற மற்றொரு சவ்வைத் தொட்டால் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உண்டு. பிரெஞ்சு மருத்துவர் லம்பேர் 1826-இல் இதனைக் கண்டு சொன்ன பிறகே வயிற்று அறுவை நம்பத்தக்கதாக ஆனது.

அக்கால முறைப்படி இரண்டு அடுக்குகளில் தைப்பர். உள் அடுக்கு, சுவர் முழுவதையும் ஊடுருவிச் செல்லும் தொடர் தையல். இரத்தக் கசிவை நிறுத்துவது அதன் வேலை. அதற்கு ஆட்டுக் குடலிலிருந்து எடுக்கப்படும், உடலுக்குள் தானே கரைந்துவிடும் கேட்கட் நரம்பு பயன்பட்டது. வெளி அடுக்கு, மேற்பரப்பை மட்டும் பற்றி உள்மடிக்கும் தையல். நூலைத் தளர விட்டால் கசியும். இறுக்கி இழுத்தால் விளிம்புக்கு இரத்தம் வராமல் தசை செத்துப் பிரியும். இந்த அளவை எந்தக் கருவியும் சொல்லாது. விரல்தான் உணர வேண்டும்.

தவறினால் என்ன நேரும் என்பது அறுவையன்று தெரியாது. நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சலும் வயிற்று இறுக்கமுமாக வெளிப்படும். பெனிசிலின் வராத ஆண்டுகள் அவை. வயிற்றுக்குள் கசிந்த ஒரு துளி போதும். மேலும், புரதம் குறைந்த உடலில் புண் மெதுவாகவே கூடும். மேல்வயிற்றை அடுக்கடுக்காகத் தைத்து மூடிய பின்னும் ஓர் இருமலில் தையல் விட்டுப்போகும் ஆபத்து எப்போதும் உண்டு. லண்டனின் நன்கு உண்டு வளர்ந்த உடலில் தாங்கும் தையல், நெய்யூரின் மெலிந்த உடலில் தாங்கும் என்ற உறுதி இல்லை. இச்சூழலில், எளிதாகவும் விரைவாகவும் முடியும் அறுவையே ஏழை நோயாளிக்கு உகந்தது என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை.

இணைப்பு வெற்றியாக அமைந்த பின்னும் சிக்கல் முடியவில்லை. இரைப்பை அமிலத்துக்குப் பழகாத சிறுகுடலின் மீது அமிலம் நேரடியாக வடிவதால், தைத்த இடத்திலேயே சிலருக்கு மீண்டும் புண் தோன்றியது. உள்ளே தங்கிவிடும் கரையாத பட்டு நூலே அதற்குக் காரணமோ என்றும் உலகெங்கும் மருத்துவர்கள் ஐயுற்றனர். சோமர்வெல் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, சக மருத்துவர் ஓருடன் இணைந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் 1936-இல் கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பாவின் பெருநகர மருத்துவமனைகள் காணாத அளவு அனுபவம் ஒரு திருவிதாங்கூர்ச் சிற்றூரில் சேர்ந்திருந்தது. 1940-களில், இரைப்பைக்குச் செல்லும் குருதிக் குழாய்களை நூலால் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையையும் அவர் முன்வைத்தார். அது நிலைக்கவில்லை. இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய அவருடைய நூல் 1948-இல் வெளிவந்தது.

வேலூர் ஆண்டுகள்

1925-இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனை மணந்த அவருக்கு மூன்று மகன்கள். 1938-இல் அரசின் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. எவரெஸ்ட் குழுவுக்கு 1924-இல் வழங்கப்பட்ட ஒலிம்பிக் பரிசும் அவருக்கு உண்டு. ஓய்வு நேரங்களில் மலைகளைத் தீட்டிய அவருடைய ஓவியங்கள் பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1949-இல் நெய்யூரிலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று அறுவை மருத்துவம் கற்பித்தார். கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளின் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் இயங்கச் செய்துகொண்டிருந்ததும் அதே வளாகத்தில், அதே ஆண்டுகளில்தான். இந்திய மாணவர்கள் அறுவை மருத்துவர்களாக உருவாகி வெளியேறிய அக்காலம், சோமர்வெல்லின் நெய்யூர் ஆண்டுகளைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒரு கை தைப்பதை நூறு கைகளுக்கு மாற்றிய காலம் என்பதால் அது கூடுதல் கவனத்துக்கு உரியது.

1961-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கு 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கிளப்பின் தலைவராக இருந்தார். 1975 ஜனவரி 23 அன்று ஆம்பிள்சைடில் தமது 84-ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளில், ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம் என்பது பின்னர் உறுதியானது. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓரிரு வாரம் உட்கொள்ளும் மாத்திரைகள், சோமர்வெல் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்த அறுவையின் தேவையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. கேட்கட் நரம்பின் இடத்தையும் செயற்கைக் கரையும் இழைகள் பிடித்துள்ளன. இரைப்பை வாயில் புற்றுநோயால் அடைபடுவோருக்கு அந்தப் பழைய இணைப்பு இன்றும் தைக்கப்படுகிறது. குடலின் விளிம்பை உள்மடிக்கும் முறையும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

நெய்யூர் மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தில் தொடர்ந்து இயங்கி வருகிறது. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிய காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரி என்று பெயர்.